தாச்சி பிடித்த பிரகலாதன்

பிரகலாதனுக்கு வாய் ஒன்றுதான். அதை இரண்டு பேருக்காகப் பாவித்துப் பாவித்து, ஐம்பதைத் தொட முதலே மனிதர் களைத்துப்போனார். ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர் வேலை. அங்கே பகல் முழுக்க வருகிற போகிற சனத்துக்குப் பதில் சொல்லிவிட்டு, சைக்கிளை உழக்கிக்கொண்டு அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தால், படலையடியில் யாராவது ஒரு பெண் சட்டை தைக்கக் கொடுக்கத் துணிப்பையோடு காத்து நிற்பாள்.

"அண்ணை, கௌசிகாவிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ. கை முழங்கைக்கு மேல நிக்கோணும். போன முறை கீழ இறங்கிப்போச்சுது."

பிரகலாதன் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்தபடி மற்றக் கையைத் தூக்கி, முழங்கைக்கு மேலே ஒரு வெட்டு வெட்டிக் காட்டுவார். வாசலில் நிற்கும் தங்கச்சி கௌசிகா தலையாட்டிவிட்டு விரலால் ஏதோ கேட்பாள். அதை இவர் வாயால் கேட்பார். பதிலைக் கையால் சொல்வார். கழுத்து இறக்கம், பின்பக்கக் கொக்கி, உள்துணி என்று ஒரு சட்டையின் பூர்வோத்திரம் முழுக்கப் பேசி முடிய, உள்ளே ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப் பச்சைத்தண்ணியாகிவிடும். ஊரிலுள்ள பெண்களின் சட்டை அளவெல்லாம் தெரிந்த ஒரே அரசாங்க உத்தியோகத்தர் அவராகத்தான் இருக்கவேண்டும். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வது!

கௌசிகாவுக்குக் காது கேளாது. பிறக்கும்போது கேட்டது. நடை பழகிய வயதில் ஒரு காய்ச்சல் வந்து, போகும்போது இரண்டு காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அப்போது பிரகலாதன் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு. துறைமுகத்தில் வேலை செய்த அப்பா இரத்தினசிங்கத்துக்கும், பிள்ளையைப் பார்த்துப் பார்த்து அழுத அம்மாவுக்கும் வராத கைப்பாஷை அண்ணனுக்கு வந்தது. மீசையைத் தடவினால் அப்பா. மூக்கைத் தொட்டால் மூக்குத்தி போட்ட அம்மா. விரலைக் கொக்கிபோல வளைத்து மேலே தூக்கினால் துறைமுகம். இப்படி வீட்டுக்குள்ளேயே அண்ணனும் தங்கச்சியும் செய்துகொண்ட பாஷை அது. உள்ளங்கையை முன்னால் நீட்டி மெல்ல ஒரு தள்ளுத் தள்ளினால் அதற்குப் 'பிறகு' என்று அர்த்தம். பிறகு தாறன், பிறகு கூட்டிக்கொண்டு போறன், பிறகு சொல்லுறன்.

கொஞ்சம் வளர்ந்ததும் வடக்கே ஒரு விசேட பாடசாலை விடுதியில் அவளைச் சேர்த்தார்கள். முதல் விடுமுறைக்கு வந்தவள் வேறு ஆளாக வந்தாள். அவளுடைய விரல்கள் பறந்தன. அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் கதைப்பார்களாம். பிரகலாதனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் பார்த்துவிட்டு, மீசைக்கும் மூக்குத்திக்கும் இறங்கி வந்தாள். அண்ணனுக்காகத் தன் கதையைச் சுருக்கிக்கொண்டாள். சில வருடம் கழித்துச் சண்டை இறுகிப் பாதை பூட்டுப்பட, அப்பா போய்க் கப்பலில் கூட்டிக்கொண்டு வந்தார். அதோடு படிப்பு நின்றது. அந்தப் பெரிய பாஷையில் கதைக்க அன்புவழிபுரத்தில் ஒருவரும் இருக்கவில்லை. தையல் மெசினுக்கு முன்னால் தனியாக இருக்கும்போது சிலவேளை அவளுடைய விரல்கள் மடியில் தன்பாட்டில் ஓடுவதைப் பிரகலாதன் கண்டிருக்கிறார். யாரோடு கதைக்கிறாய் என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் விளங்கப்போவதுமில்லை.

அவர் கலியாணம் செய்யவில்லை. கேட்டவர்களுக்கு, தங்கச்சிக்கு முதலில் முடியட்டும் என்றார். தங்கச்சிக்கு வந்த சம்பந்தங்கள் வந்த வழியே போயின. பொருத்தம் பார்க்க வருகிறவர்கள் முன்கதிரையில் இருந்து அரைமணித்தியாலம் கதைப்பார்கள். நடுவில் கௌசிகா அண்ணனின் முழங்கையைச் சுரண்டுவாள், என்ன சொல்லுகினம் என்று. அவர் உள்ளங்கையை நீட்டித் தள்ளுவார். பிறகு. எல்லாரும் எழும்பிப் போனதும் அந்த அரைமணித்தியாலக் கதையை இரண்டு சைகையில் முடித்துவிடுவார். நல்ல சனம். சரிவராது. வேண்டுமென்று செய்ததில்லை. பகல் முழுக்கக் கதைத்த மனிதருக்கு, கேட்டதையெல்லாம் திரும்பக் கையால் சொல்லச் சீவன் இருக்காது.

ஆனால் ஒரு 'பிறகு' அவருடைய நெஞ்சில் முள்ளாகவே நின்றது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டொக்டர் தனியாகக் கூப்பிட்டு நிறையச் சொன்னார். வெளியே வந்த பிரகலாதனின் கையைப் பிடித்துக் கௌசிகா கேட்டாள், என்னவாம்? அதைச் சொல்ல அவருக்குக் கை எழும்பவில்லை. பிறகு என்று தள்ளினார். அந்தப் 'பிறகு' வருவதற்குள் அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து செத்தவீட்டு வெள்ளை கட்டியாகிவிட்டது. அவள் சண்டை பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு யார் கதைத்தாலும் அண்ணனின் கையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, கதைக்கிறவரின் வாயையே உற்றுப் பார்க்கத் தொடங்கினாள். அவ்வளவுதான். அதைவிட அவள் இரண்டு அடி அடித்திருக்கலாம்.

அப்பா போய்ச் சில வருடத்தால் அம்மாவும் போனார். வீட்டில் இரண்டு பேர். முப்பதைத் தாண்டிய கௌசிகாவுக்கு இனி ஒன்றும் வராது என்று சொந்தக்காரர் எல்லாரும் கை கழுவியிருந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து ஒரு போன் வந்தது. பிரசாந்தினி என்று ஒரு பெண். அவளுடைய தம்பி இராகுலனுக்கும் காது கேளாது. அதே விடுதியில் கௌசிகாவுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவனாம். இப்போது ரொறன்ரோவில் ஒரு பேக்கரியில் வேலை.

"உங்கட தங்கச்சியின்ர படத்தை ஆரோ காட்ட, தம்பி உடன அடையாளம் கண்டிட்டான் அண்ணை. ஆனா நேர பாத்துக் கதைச்சாத்தான் முடிவு சொல்லுவன் எண்டு நிக்கிறான். கையாலதானே கதைக்கிறது, அதுக்குப் போன் சரிவராது. கொம்பியூட்டர் இருக்கெல்லோ? வாற ஞாயிற்றுக்கிழமை ஸ்கைப்பில வருவியளே? உங்களுக்குப் பின்நேரம், எங்களுக்கு விடியக்காலமை."

பிரகலாதன் ஓமென்று சொல்லிவிட்டார். கௌசிகாவுக்குச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் யோசித்து, பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவளுக்கு ஆளைத் தெரியும். விடுதி மாமரத்தில் ஏறி விழுந்து இரண்டு கையையும் முறித்தவன். இரண்டு கையிலும் மாப்பத்துப் போட்டு, அதைக் கழற்றும்வரைக்கும் கதைக்க வழியில்லாமல் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு திரிந்தவன். அவள் கையிரண்டையும் விறைப்பாக நீட்டிக் கண்ணை உருட்டிக் காட்டினாள். அவளை அப்படிச் சிரிக்கக் கண்டு எத்தனையோ காலம். இது சரிவரவேண்டும், கடவுளே என்று பிரகலாதன் அன்றைக்கே நேர்ந்துகொண்டார். சரிவராவிட்டாலும் அவள் ஒருக்கா அந்தப் பெரிய பாஷையில் கதைக்கவேண்டும்.

கொம்பியூட்டர் இருந்தது. இண்டநெட் இல்லை. ஊரில் அப்போது எல்லார் கையிலும் இருந்தது டோர்ச் வைத்த சின்னப் போன்தான். அதில் முகம் பார்க்க வழியில்லை. கொம்பியூட்டர், கடையைக் கட்டிக்கொண்டு போன ஒரு தொண்டு நிறுவனம் கொடுத்துவிட்டுப் போனது. சட்டை மாதிரிப் படங்கள் பார்க்கக் கௌசிகா அதைப் பாவித்தாள். வைரஸ் தின்று படுத்துக் கிடந்த அதைத் திருத்தி விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தந்தவன் கலீலுர் றஹ்மான், பிரகலாதனின் கந்தோரில் கொம்பியூட்டர் பகுதியில் இருப்பவன், குறிஞ்சாக்கேணிக்காரன். லினக்சுக்கு வைரஸ் வராது, காசும் இல்லை. ஆனால் எதையும் அதனிடம் முறையாகக் கேட்கவேண்டும், கேட்கிற முறை தெரியாவிட்டால் அது வாயே திறக்காது.

பிரகலாதன் போன் கடைக்குப் போய் இண்டநெட் கேட்க, கடைக்காரர் சிம் போட்ட டொங்கிள் ஒன்றைப் பெட்டியோடு தந்தார். விரல் நீளத்தில் வெள்ளையாக இருந்தது. குத்தினால் சரி, வேறொன்றும் செய்யத் தேவையில்லை என்றார். பிரகலாதன் குத்தினார். டொங்கிளில் பச்சை விளக்கு மினுங்கியது. திரையில் ஒரு சீடியின் படம் வந்தது. அவ்வளவுதான். பெட்டிக்குள் இருந்த தாளில் விண்டோசுக்கு வழி எழுதியிருந்தது. லினக்ஸ் என்ற சொல் மருந்துக்கும் இல்லை. கழற்றிக் குத்தினார். திருப்பிக் குத்தினார். பின்னால் இருந்த ஓட்டையில் குத்தினார். அதே சீடி. பக்கத்தில் நின்ற கௌசிகா திரையைப் பார்ப்பதும் அண்ணனைப் பார்ப்பதுமாக இருந்தாள். அவர் றஹ்மானுக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, இது சீடி எண்டு காட்டுது. நான் வாங்கினது டொங்கிள்."

"ஓம் அண்ணே, அது முதல்ல சீடி மாதிரித்தான் நிக்கும். விண்டோசுக்கான சாமான அதுக்குள்ள வெச்சிரிக்காங்க. லினக்ஸ்ல நாமதான் அத இண்டநெட் எடுக்கிற மொடமா மாத்தணும். அதுக்கெண்டு ஒரு சின்ன சொப்ட்வெயார் இரிக்கு, இண்டநெட்ல இருந்து இறக்கணும்."

"இண்டநெட் வாறதுக்குத்தானே தம்பி இந்தப் பாடு?"

"அதுதான் அண்ணே சிக்கல்," என்றான் றஹ்மான். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிரகலாதனுக்கு வரவில்லை.

மறுநாள் கந்தோரில் றஹ்மான் அந்தச் சாமானைப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால், தனக்குத் துணையாக இன்னொரு சாமானும் வேண்டும், அது இல்லாமல் உள்ளே வரமாட்டேன் என்று எழுதிக் காட்டியது. கலியாணவீட்டுக்கு ஒருவரைக் கூப்பிட, தன் மச்சானையும் கூப்பிட்டால்தான் வருவேன் என்று நிற்கிற கதை. அடுத்த நாள் மச்சானையும் கொண்டுவந்தார். அதற்கடுத்த நாள் மச்சானுக்கு வேண்டிய ஆளையும் கொண்டுவந்தார். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பேசாமல் படுத்தால் என்ன என்றிருந்தது அவருக்கு. சட்டைப்பைக்குள் பென்டிரைவ் ஆடியது.

கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வரி அடிக்கவேண்டி வந்தது. றஹ்மான் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னான். இவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்.

"இல்லையாம் தம்பி. அப்பிடி ஒண்டும் இல்லையாம்."

"நடுவுல இடம் விட்டீங்களா அண்ணே?"

"எந்த நடுவில?"

திரும்ப அடித்தார். இரண்டு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் இருந்த சீடி காணாமல் போனது. டொங்கிள் தன் வேஷத்தைக் கழற்றி வைத்துவிட்டது. திரையின் மேல் மூலையில் போய் நாட்டின் பெயரையும் கொம்பனியின் பெயரையும் தெரிந்தெடுத்துக் கொடுக்க, தொடர்பு கிடைத்ததாகக் காட்டியது. பிரகலாதன் கதிரையில் சாய்ந்தார். கௌசிகா இரண்டு கையையும் மேலே தூக்கி விரல்களைக் குலுக்கினாள். விடுதியில் அதுதான் கைதட்டு.

மனிதரின் சந்தோஷம் றஹ்மானோடு ஸ்கைப்பில் ஒத்திகை பார்க்கும்வரைக்கும்தான். முகம் வந்தது, ஆனால் சதுரம் சதுரமாக உடைந்து வந்தது. றஹ்மான் கையை ஆட்டிக் காட்டினான். இங்கே அது கஞ்சி கரைத்ததுபோலத் தெரிந்தது. வாயால் கதைக்கிறவர்களுக்கு அது போதும், குரல் வந்தால் சரி. கையால் கதைக்கிறவர்களுக்கு விரல் தெரியாவிட்டால் என்ன கதை? இவ்வளவு பாடுபட்டது இதற்கோ என்று பிரகலாதன் தலையில் கைவைத்தார்.

கௌசிகா திரையைப் பார்க்கவில்லை. டொங்கிளின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றச் சொன்னாள். நீட்டு வயர் ஒன்றில் கொழுவி, பூனைக்குட்டியைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு, வயர் எட்டுகிற மட்டும் ஒவ்வொரு யன்னலாகப் பிடித்துப் பார்த்தாள். முன்யன்னலில் பச்சை. அறை யன்னலில் பச்சை. கொம்பியூட்டரையே தூக்கிக்கொண்டு போய்க் குசினி யன்னலடியில் வைத்து, டொங்கிளை வெளியே நீட்டியபோது ஒருக்கா நீலம் எரிந்தது. பிரகலாதன் போனில் றஹ்மானிடம் கேட்டார்.

"நீலம் எண்டா விசையா ஓடும் அண்ணே. அதை விடாதீங்க. ஒரு அலுமினியத் தாச்சி இரிந்தா அதுக்கு நடுவுல டொங்கிளைக் கட்டி, டவர் பக்கம் பாக்கத் திருப்பி வைங்க. எங்கட ஊர்ல எல்லாரும் அப்பிடித்தான் செய்றாங்க."

வீட்டில் இருந்தது ஒரே ஒரு அலுமினியத் தாச்சி. வருகிறவர்கள் கனடாவில் இருந்தாலும் பெண் பார்க்க வருகிற நாளில் வடை சுடாமல் விடுவது முறையில்லை என்பது கௌசிகாவின் கட்சி. தாச்சியை அவள் ஒரு பக்கம் பிடித்தாள், அவர் மறுபக்கம் பிடித்தார். கடைசியில் சனிக்கிழமையே வடையைச் சுட்டு முடித்துவிட்டு, உமி போட்டுத் தேய்த்துக் கழுவித் தந்தாள். யன்னலுக்கு வெளியே தண்ணித்தாங்கித் தூணில் ஒரு தடியைக் கட்டி, தடியில் தாச்சியைக் கட்டி, தாச்சிக்கு நடுவில் டொங்கிளைக் கட்டினார் பிரகலாதன். நீல விளக்கு அசையாமல் எரிந்தது. ஞாயிறு காலையில் றஹ்மானின் விரல்கள் ஐந்தும் ஐந்தாகத் தெரிந்தன.

பின்நேரம் கௌசிகா மாம்பழ நிறச் சேலை உடுத்து, பூ வைத்து, குசினிக்குள் அரிவாளையும் அம்மியையும் ஒரு பக்கம் ஒதுக்கி, பின்னால் ஒரு புதுத் துணியைத் திரைச்சீலையாகக் கொழுவினாள். வடைத்தட்டம் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில். இரண்டு கதிரை. ஒன்று அவளுக்கு, ஒன்று அவருக்கு. பிரகலாதன் முழுக்கை சேட் போட்டுக்கொண்டு தன் கதிரையில் இருந்தார். அங்கே பிரசாந்தினி தம்பிக்குப் பக்கத்தில் இருப்பாள். அவள் கேட்பதை இவர் கௌசிகாவுக்குச் சொல்லவேண்டும், கௌசிகா சொல்வதை அவளுக்குச் சொல்லவேண்டும். வழமையான வேலைதானே. நினைக்கவே தோள்மூட்டு கனத்தது.

அழைப்பு வந்தது. இராகுலனின் முகம் வந்தது. நெற்றி ஏறிய, கண் பெரிய மனிதன். கௌசிகா கையைத் தூக்க, அவனும் தூக்கினான். அந்த நேரம் பார்த்துத்தான் மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பியது. காலையில் செத்துக் கிடந்த காற்று. வெளியே தாச்சி 'டங்' என்று தூணில் மோதியது. இராகுலனின் கை பாதியில் உடைந்து நின்றது. பிரசாந்தினியின் குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

"அண்ணை... படம்... நிண்டிட்டுது..."

பிரகலாதன் வெளியே ஓடினார். தாச்சி சுற்றிக்கொண்டு நின்றது. பிடித்துத் திருப்பினார், நீலம் வந்தது. விட்டார், பச்சையானது. கயிற்றை இன்னும் இறுக்கினார். காற்று தடியையே ஆட்டியது. திரும்பப் பிடித்தார். பிடித்தபடி கழுத்தைத் திருப்பி யன்னலுக்குள்ளே பார்த்தால் கௌசிகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் எல்லாச் சம்பந்தமும் கெட்டுப்போன நாட்களின் முகம் வந்திருந்தது. காதுக்குப் பக்கத்தில் விரலை வெட்டி, பிறகு திரையைக் காட்டினாள். சத்தத்தை நிறுத்தட்டுமா? படம் தெளிவாக வரும் என்று காலையில் றஹ்மான் சொன்னதை அவள் மறக்கவில்லை.

சத்தத்தை நிறுத்தினால் பிரசாந்தினி கதைக்க ஏலாது. இவரும் கதைக்க ஏலாது. காது கேட்கிற ஒருவருக்கும் பிறகு அதற்குள் வேலை இல்லை. என்ன கேட்பார்கள், இவள் என்ன சொல்லிவிடுவாள், சரியாகச் சொல்வாளோ என்று முப்பது வருடத்துப் பழக்கம் அவரைப் பிடித்து இழுத்தது. பிறகு தலையாட்டினார். அவள் சத்தத்தை நிறுத்திவிட்டாள்.

முக்காலி ஒன்றைக் காலால் இழுத்து, அதில் ஏறி நின்று, தாச்சியை இரண்டு கையாலும் உயர்த்தி, டவர் நிற்கிற ஓர்ஸ் ஹில் பக்கம் பார்க்கப் பிடித்தார் பிரகலாதன். நீலம் நின்றது. உள்ளே கௌசிகா திரைக்குத் திரும்பினாள்.

முதலில் மெதுவாகத்தான் தொடங்கினாள். நாக்கு மரத்தவர் கதைப்பதுபோல விரல்கள் தடுமாறின. ஒரு சைகையைச் செய்து, பிழை என்று தலையை ஆட்டி, திரும்பச் செய்தாள். பிறகு ஏதோ ஒன்று பிடிபட்டதுபோல கைகள் பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்கின. புருவம் ஏறியது, இறங்கியது. தோள் கதைத்தது. ஒரு இடத்தில் கையிரண்டையும் விறைப்பாக நீட்டிக் கண்ணை உருட்டினாள். அது மட்டும் பிரகலாதனுக்கு விளங்கியது, மாமரக் கதை. மற்றது ஒன்றும் விளங்கவில்லை. தன் தங்கச்சிக்கு இவ்வளவு கதை இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. மீசை, மூக்குத்தி, பிறகு என்று அந்தப் பிள்ளையை இவ்வளவு காலமும் பட்டினி போட்டு வைத்திருந்தோமே என்று மனம் கரைந்தது. கூடவே ஒரு பொறாமையும் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"என்ன தம்பி, தாச்சியத் தூக்கிக்கொண்டு நிக்கிறியள்?"

மதிலுக்கு மேலால் பக்கத்து வீட்டு ஞானமலர் அக்கா. பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சேலை இன்னும் மாற்றவில்லை.

"இண்டநெட் அக்கா."

"தாச்சியிலயோ?"

"ஓம்."

அக்கா எட்டி யன்னலுக்குள்ளே பார்த்தார். பூவும் சேலையும் கைகள் பறப்பதும் தெரிந்திருக்கவேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார், காது கேளாதவளுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

"பொம்பிளை பாக்கினமோ? நீங்கள் உள்ள போய்ப் பக்கத்தில இருக்கோணுமெல்லோ. கை நோகும், பாருங்கோ. தாங்கோ இஞ்ச, நான் வந்து பிடிக்கிறன்."

கை நொந்தது உண்மைதான். தோள்மூட்டு இரண்டும் எரிந்தன. கொடுத்துவிட்டுப் போய், இருக்கத்தானே போட்டது என்று அந்தக் காலிக் கதிரையில் இருந்துவிடலாம். இருந்தால் கௌசிகா வேகத்தைக் குறைப்பாள். அண்ணனுக்கும் விளங்கவேண்டும் என்று மீசைக்கும் மூக்குத்திக்கும் இறங்கி வருவாள். அவள் அப்படிப்பட்டவள்.

"வேண்டாம் அக்கா. நான் நிக்கிறன்," என்றார் பிரகலாதன்.

வெயில் இறங்கி, தாச்சியின் விளிம்பில் மினுங்கிக் கண்ணைக் கூசவைத்தது. காற்று விட்டபாடில்லை. ஞானமலர் அக்கா போய்விட்டார். படலையடியில் யாரோ சைக்கிள் மணி அடித்துக் கூப்பிட்டார்கள், சட்டைக்குத்தான் இருக்கும். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். நாள் முழுக்க, வருடம் முழுக்கக் கதைத்த மனிதர் வாயையும் கையையும் ஒன்றாக மூடிக்கொண்டு முக்காலியில் நின்றார். களைப்புத்தான். ஆனால் ஒரு சொல்லும் சொல்லத் தேவையில்லாத களைப்பு அவருக்குப் புதிது.

உள்ளே திடீரென்று கௌசிகாவின் கைகள் நின்றன. அங்கே இராகுலன் நெடுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்து ஒரு விரலைக் காட்டி, கொஞ்சம் பொறு என்றுவிட்டு, தண்ணி குடிக்க எழும்பி யன்னலடிக்கு வந்தாள்.

பிரகலாதன் அவள் பக்கம் கழுத்தை நீட்டினார். என்னவாம்? என்ன சொல்லுறான்? உனக்குச் சம்மதமா? கேட்கக் கை இல்லை. இரண்டு கையும் தாச்சியில். விட்டால் பச்சை எரியும். மாப்பத்துப் போட்ட விடுதிப் பையனைப்போலக் கண்ணை உருட்டினார், புருவத்தைத் தூக்கினார், நாடியால் திரையைச் சுட்டிக் காட்டினார். அவருக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் முகத்துக்கு வந்து நின்றது.

கௌசிகா செம்பை வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்தாள். உள்ளங்கையை முன்னால் நீட்டி, மெல்ல ஒரு தள்ளுத் தள்ளினாள்.

பிறகு.

அவள் பகைக்காகச் செய்யவில்லை. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கதை பாதியில் நிற்கிறது, அங்கே ஆள் காத்திருக்கிறான், அவசரம், அவ்வளவுதான். அவரும் ஒவ்வொரு முறையும் அப்படித்தானே செய்தார். தாச்சியைச் சுட்டி, ஆட்டாதே என்று விரலை ஆட்டிவிட்டு அவள் தன் கதிரைக்குப் போய்விட்டாள்.

இப்படித்தான் இருந்திருக்கும், என்ன, என்று பிரகலாதன் தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் அவளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும். கண்ணில் வந்ததைத் துடைக்கவும் கை இல்லை. விளக்கு ஒருக்கா மங்கியது. அவர் குதிக்காலில் எழும்பித் தாச்சியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.